தண்ணீருக்குள் இண்டிகேட்டர்

பேரன்புக்கும், பெருமதிப்புக்கும், கொஞ்சம் பயத்துக்கும் உரிய சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணனின் இளைய மகன், அதாவது குடும்பத்தில் 'படிப்பைப் பாதியில் விட்டவன்' என்று அழைக்கப்படுபவன், பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலம். அம்மாவும் நலம். அப்பாவிடம் நேரடியாகக் கேட்க முடியாத நிலை நீடிப்பதால், அவர் செய்தித்தாளைப் புரட்டும் சத்தத்தை வைத்து அவரும் நலம் என்று முடிவு செய்திருக்கிறேன். அங்கு தாங்களும், சித்தியும், நான் தக்காளி என்று கூப்பிடும் தங்கள் மகளும், தங்களுடைய முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாகவும் சேர்ந்தும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். தாங்கள்தான் போனை எடுப்பதில்லையே. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்த பழக்கத்தில், ஓய்வு பெற்று சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் எடுப்பதில்லை என்று சித்தி அம்மாவிடம் வருத்தப்பட்டிருக்கிறார். நேரில் வரலாம் என்றால், கல்லூரியை விட்ட இந்த மூன்று வருடங்களாக நான் சொந்தக்காரர் எவர் வீட்டுப் படியும் ஏறுவதில்லை. ஏறினால், "இப்ப என்ன பண்ற?" என்று கேட்கிறார்கள். தாங்கள் கேட்க மாட்டீர்கள், தெரியும். ஆனால் தங்கள் வீட்டுக்கு வரும் வழியில் பெரிய அத்தை வீடு இருக்கிறது. அத்தை ஜன்னலிலேயே இருக்கிறார்.

சித்தப்பா, இதுக்கு மேல 'தாங்கள்' போட முடியலை. மூச்சு முட்டுது. நேரா விஷயத்துக்கு வரேன். எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. இன்னும் முழுசா கிடைக்கலை, பாதி கிடைச்சிருக்கு. எங்கேன்னு சொன்னா சிரிப்பீங்க. நம்ம நீச்சல் குளத்துல.

அதே குளம்தான். கோடை லீவு வந்தா நீங்க என்னையும் அண்ணனையும் தக்காளியையும் கூட்டிட்டுப் போவீங்களே, அதேதான். வாசல்ல அதே சுத்துற கம்பி. ஒரு தடவை நான் அதுல சிக்கி, நீங்க ஒரு பக்கமும் டிக்கெட் கொடுக்கறவர் இன்னொரு பக்கமும் நின்னு, "ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு"ன்னு கத்தினீங்களே, அந்தக் கம்பி. பெயிண்ட் மட்டும் புதுசா அடிச்சிருக்காங்க. உள்ள கால் வெச்சேன், அந்தக் குளோரின் வாசனை மூக்குல ஏறிச்சு பாருங்க, இருபத்து மூணு வயசுக் கழுதை, அப்படியே நின்னுட்டேன். காலடியில தரை சுட்டாலும் நகரலை. பின்னாடி வந்த ஒரு அம்மா, "தம்பி, உள்ள போறீங்களா, இல்ல உங்களைச் சுத்திக்கிட்டு நாங்க போகணுமா?"ன்னாங்க. அப்பத்தான் நகர்ந்தேன்.

வேலைக்கு ஆள் தேவைன்னு வாசல்ல ஒட்டியிருந்தாங்க, அதைப் பாத்துட்டுத்தான் போனேன். அங்க பயிற்சியாளருக்கெல்லாம் தலைமை ஒரு அக்கா. குட்டையா முடி வெட்டி, கழுத்துல எப்பவும் விசில். பேச வேண்டியதுல பாதியை விசில்லயே பேசிடுவாங்க. அதனால நான் வெச்ச பேரு விசிலக்கா. என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"என்ன படிச்சிருக்க?"

"பாதி."

"எதுல பாதி?"

"இன்ஜினியரிங்ல."

"மீதி?"

"அதை அவங்களே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன்."

சிரிக்கலை. விசிலைத் தண்ணிப் பக்கம் நீட்டினாங்க. "ஒரு சுத்து போயிட்டு வா, பாக்கலாம்."

குதிச்சேன். சித்தப்பா, என்னத்தைச் சொல்ல, மூணு வருஷமா எதுலயும் உட்கார முடியாம திரிஞ்சவன் நான். செல்போன் ரிப்பேர் கடை, கூரியர், போட்டோ பிரிண்ட் போடற இடம், எதுலயும் என் செருப்பு சூடாகற வரைக்கும் இருந்ததில்லை. தண்ணிக்குள்ள போன உடனே உடம்புல இருந்த எறும்பெல்லாம் இறங்கிப் போயிடுச்சு. ஜம்முனு போறேன். முன்னாடி ஒருத்தர் மெதுவா போயிட்டிருந்தார், தாண்டிப் போனேன். அந்தக் கோடியில திரும்பினேன். வந்து சேர்ந்து தலையைத் தூக்கினா, கரையில இருந்த அத்தனை பேரும் எழுந்து நிக்கறாங்க. நான் ஏதோ சாதனை பண்ணிட்டேன்னு நெனச்சேன்.

"அந்தக் கை என்ன?"ன்னாங்க விசிலக்கா.

"எந்தக் கை?"

"திரும்பறதுக்கு முன்னாடி வலது கையைத் தண்ணிக்கு வெளியே நீட்டினியே. யாரையாவது கூப்பிட்டியா?"

"இல்லக்கா. இண்டிகேட்டர்."

"என்னது?"

"வலது பக்கம் திரும்பப் போறேன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா?"

விசிலை வாய்ல வெச்சு, ஊதாம எடுத்தாங்க. அப்புறம், "அந்தப் பெரியவரைத் தாண்டும்போது ஏதோ கத்தினியே. அவர் பயந்து கரை ஏறிட்டார்."

"அது ஹாரன்க்கா."

"நிக்கறப்ப ரெண்டு காலையும் சேத்து முன்னாடி அமுக்கின?"

"கிளட்ச்சு, பிரேக்கு. ரெண்டும் சேத்து அமுக்கலைன்னா ஆஃப் ஆயிடும்ல?"

விசிலக்கா என் பக்கத்துல வந்து, ஆஸ்பத்திரியில பேசற மாதிரி மெதுவா கேட்டாங்க. "யாருப்பா உனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது?"

"என் சித்தப்பா."

"அவர் என்ன பண்றார்?"

"டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரா இருந்தார்."

"சரி. அவர் நீந்தி நீ பாத்திருக்கியா?"

பாத்திருக்கேன்னு சொல்றதுக்கு வாயைத் திறந்தேன் சித்தப்பா. திறந்த வாய் திறந்தபடி இருக்கு. ஈரத் துண்டோட அந்தத் தரையில நின்னுக்கிட்டு, என் சின்ன வயசுக் கோடை எல்லாத்தையும் ஒவ்வொண்ணா புரட்டிப் பாக்கறேன், எதுலயும் நீங்க நனைஞ்சு இல்லை. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சுவிட்டு, மூணாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்கீங்க. மடியில எங்க துண்டு மூணும். எங்க செருப்பெல்லாம் உங்க விரல்ல கோத்திருக்கு, கீழ வெச்சா யாராவது மாத்திப் போட்டுட்டுப் போயிடுவாங்கன்னு. தக்காளியோட கண்ணாடி உங்க சட்டைப் பையில. அந்தப் பம்பர் மீசை, அதுல ஒரு ஓரத்துல ஜாம். "நீங்க ஏன் சித்தப்பா இறங்கறதில்லை?"ன்னு அண்ணன் கேட்டா, "எனக்குச் சளிடா"ம்பீங்க. ஒவ்வொரு கோடைக்கும் சளி. கொளுத்தற வெயில்ல, ஊரே வேர்வையில குளிக்கறப்ப, உங்களுக்கு மட்டும் சளி. நாங்க நம்பினோம். நம்பினது மட்டுமா? நீங்க சின்ன வயசுல ஆத்தையே நீந்திக் கடந்தவர், அதனால இந்தக் குளமெல்லாம் உங்களுக்குக் குளியல் தொட்டி மாதிரி, இறங்கினா மரியாதை இல்லைன்னு நாங்களே ஒரு கதை கட்டி, தெருப் பசங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருந்தோம். நீங்க சொல்லலை. ஆனா மறுக்கவும் இல்லை. மீசையை மட்டும் தடவிக்கிட்டீங்க.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன். "சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?" அம்மா யோசிச்சாங்க. அப்போ செய்தித்தாளுக்குப் பின்னாடி இருந்து ஒரு குரல்: "அவன் சின்ன வயசுல வாளித் தண்ணியைப் பாத்தே அழுவான்னு அவன்கிட்ட சொல்லு." மூணு வருஷத்துல அப்பா எனக்காகச் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. அதுக்கே உங்களுக்கு ஒரு நன்றி.

கோபம் வரும்னு நெனச்சேன், வரலை. சிரிப்புதான் வந்துச்சு. படுத்தா சிரிப்பு, பல் தேய்ச்சா சிரிப்பு. தண்ணியைக் கண்டா பயப்படற மனுஷன், மூணு பிள்ளைங்களைத் தண்ணியில இறக்கி, தனக்குத் தெரிஞ்ச ஒரே பாடத்தை வெச்சு நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்கார். அதுவும் நாங்க மூணு பேரும் நல்லாவே நீந்தறோம்! "முதல் கியர்ல மெதுவா காலை ஆட்டு. இப்ப ரெண்டு. இறங்கறதுக்கு முன்னாடி வலது, இடது, பின்னாடி பாத்துக்க." மிதக்கறதுக்கு உங்க பாஷையில நியூட்ரல். "நியூட்ரல்ல போடுடா, வண்டி தானா உருளும்"ம்பீங்க, நான் மல்லாந்து படுத்துக்கிட்டு வானத்தைப் பாத்து உருளுவேன். கை காட்டித்தான் திரும்பணும். "பல்பு ஃப்யூஸ் ஆகும், கை ஃப்யூஸ் ஆகாது"ம்பீங்க. யாராவது கை காட்டாம திரும்பிட்டா பெஞ்சுல இருந்து குரல் வரும், "தப்பு. முதல்ல இருந்து." சுவரைத் தொட்டுட்டுத் திரும்ப ஆரம்பிக்கணும். குளத்துல மத்தப் பிள்ளைங்க நீந்தினாங்க. நாங்க லைசென்ஸுக்குத் தயாரானோம்.

அங்க போய்ச் சேர்றதே பெரிய கதை. பெட்ரோல் வீணாகக் கூடாதுன்னு நீங்க பாடத்தோட பாடமா எங்களைக் கூட்டிட்டுப் போவீங்க. ஸ்டீயரிங்ல எல் போர்டு ஆசாமி, பக்கத்துல நீங்க, உங்க காலுக்கடியில அந்த ரெண்டாவது பிரேக்கு, பின்சீட்ல நாங்க மூணு பேர். ஒரு கோடை முழுக்க அந்த பேங்க் மேடம் ஓட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? எதிர்ல சைக்கிள் வந்தா ரெண்டு கையாலயும் கண்ணை மூடிக்கிட்டு, "மாஸ்டர், நீங்களே பாத்துக்கங்க"ன்னு சொல்வாங்களே. நீங்க பிரேக்கை அமுக்குவீங்க, நாங்க மூணு பேரும் முன்சீட்ல மூக்கை இடிச்சுக்குவோம், நீங்க திரும்பிக்கூடப் பாக்காம, "ஒண்ணும் ஆகலை மேடம். முதல்ல இருந்து"ம்பீங்க. அந்தக் காருல போயிட்டு வந்தப்புறம் ஆழமான பக்கம் குதிக்கறது எங்களுக்கெல்லாம் ஒரு விஷயமா? குளம்தான் அன்னிக்குப் பத்திரமான இடம்.

இதெல்லாம் ஏன் எழுதறேன்னா, நான் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவன், சுத்தி வளைச்சுத்தான் வர முடியுது. லீவு விட்டா என்னை யாருக்கும் பிடிக்காது சித்தப்பா. நிஜமா சொல்றேன். சும்மா இருக்க மாட்டேன், ரேடியோவைப் பிரிப்பேன், பூட்டைப் பிரிப்பேன், அண்ணன் படிக்கற மேஜைக்கு அடியில பட்டாணியை உருட்டுவேன். "இவனை எங்கேயாவது கட்டிப் போடுங்க"ன்னு பெரிய அத்தை என் முன்னாடியே சொல்வாங்க. நீங்க மட்டும்தான் ஹாரன் அடிச்சு, "துண்டை எடுத்துட்டு வாடா"ம்பீங்க. தண்ணியில இருந்து நான் ஏறவே மாட்டேன். உதடு நீலமாச்சான்னு பாத்து நீங்கதான் ஏத்துவீங்க. விரல் நுனியெல்லாம் சுருங்கி, காதுக்குள்ள தண்ணி கொழகொழன்னு, நாங்க பெஞ்சுல வரிசையா உட்கார, நீங்க காகிதத்தைப் பிரிச்சு ரொட்டியும் ஜாமும் கொடுப்பீங்க. குளோரின் கையோட திம்போம். இன்னிக்கு வரைக்கும் ஜாம்ல குளோரின் வாசனை இல்லைன்னா ஏதோ குறையற மாதிரி இருக்கு எனக்கு. திரும்பி வரும்போது பின்சீட்ல ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து தூங்குவோம். எல் போர்டு வண்டி எருமை மாதிரி நடக்கும். சீட்டுல எங்க தலை மூணும் ஈரமா ஒரு படம் வரையும். அதுக்கு மேல உட்கார்ற அடுத்த மாணவர், "என்ன மாஸ்டர், சீட்டு ஈரமா இருக்கு?"ன்னு கேப்பார். "ரேடியேட்டர்"ம்பீங்க. ரேடியேட்டர் எங்கே இருக்குன்னு தெரியாதவன்தானே டிரைவிங் படிக்க வர்றான், நம்பிடுவான்.

சரி, இப்பப் பிரச்சினைக்கு வரேன். அன்னிக்கு விசிலக்கா யோசிச்சாங்க. "உன் நீச்சல் காமெடியா இருக்கு. ஆனா வேகமா இருக்கு. பயமே இல்ல. ஒண்ணு பண்ணு. பெரியவங்களுக்கு ஒரு தொடக்க வகுப்பு போடலாம்னு இருக்கேன். பத்துப் பேர் சேர்ந்தா வகுப்பு, நீ வாத்தியார். சேரலைன்னா வகுப்பும் இல்லை, நீயும் இல்லை"ன்னாங்க. ஒன்பது பேர் வந்துட்டாங்க. பத்தாவது ஆள் வரலை. சேர்றதுக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் வரைக்கும் வரலை. மனசு கேக்காம தக்காளிக்கு மட்டும் போன் பண்ணிப் புலம்பினேன், வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு. "நான் ஏன் சொல்றேன்?"னு அவளுக்குக் கோபம் வேற. என் ராசி பாருங்க சித்தப்பா, மறுநாள் சாயங்காலம் பத்தாவது ஆள் வந்து நின்னார்.

நின்னவர் நின்னவர்தான். அங்கேதான் நான் மாட்டிக்கிட்டேன்.

அந்த ஆளைப் பத்தி நான் என்ன சொல்ல! கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் கறுப்பு நீச்சல் உடை. தலையில தொடக்க வகுப்புக்காரங்களோட சிவப்புத் தொப்பி, காது வரைக்கும் இழுத்துவிட்டது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுட்டு வர்றார், விண்வெளிக்குப் போறவன்கூட அவ்வளவு பெருசு போட மாட்டான். மூக்குல கிளிப்பு. முகம்னு பாத்தா மேலுதடும் கீழுதடும்தான் மிச்சம். அதுவும் பேசாது. "அவருக்குத் தொண்டையில ஏதோ பிரச்சினையாம், பேச வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காராம், நீ தொந்தரவு பண்ணாத"ன்னு விசிலக்கா சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் முன்னாடி வந்து தண்ணியில நிப்பார், எல்லாரும் போனப்புறம் ஏறுவார். இடுப்பளவு தண்ணி சித்தப்பா! ஓரத்துக் கம்பியை ரெண்டு கையாலயும் அகலமாப் பிடிச்சுப்பார் பாருங்க, விட்டா கம்பி எங்கேயாவது மோதிடும்ங்கற மாதிரி. அவருக்கு நான் வெச்ச பேர் நங்கூரம். முகத்தைத் தண்ணியில வைங்கன்னா, வலது பக்கம் பாக்கறார், இடது பக்கம் பாக்கறார், பின்னாடி பாக்கறார். இவரை யார் துரத்திட்டு வர்றா? அப்புறம் வைக்கவும் மாட்டார். மூணு வாரம் ஆச்சு. மத்த ஒன்பது பேரும் மீனாகலைன்னாலும் தவளை அளவுக்கு வந்துட்டாங்க. தையல்கார அம்மா ஒருத்தங்க, முதல் நாள் படியிலயே உட்கார்ந்து அழுதவங்க, இப்ப ஆழமான பக்கம் எப்பன்னு கேக்கறாங்க. நங்கூரம் மட்டும் போட்ட இடத்துல இருக்கு. "கையை விடுங்க சார்"னா தலையை ஆட்டறார், சரின்னுதான் ஆட்டறார், கை விடாது. நேத்து ஒவ்வொரு விரலா நானே பிரிச்சு எடுத்தேன். அஞ்சாவது விரலுக்கு வரதுக்குள்ள முதல் விரல் திரும்பக் கம்பியில. இவ்வளவு பயந்த மனுஷனை என் வாழ்க்கையில நான் பாத்ததில்லை. காசு கட்டி வந்து கம்பியைப் பிடிக்கறதுக்கு வீட்ல ஜன்னல் கம்பி இல்லையா?

இதுல என் தலை உருளுது. வர்ற சனிக்கிழமை விசிலக்கா வந்து பாப்பாங்க. பத்துப் பேரும் கம்பியைத் தொடாம ஆழமில்லாத பக்கம் இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்குப் போகணும். "ஒருத்தர் போகலைன்னாலும் நான் வேற ஆள் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க. எனக்கு இந்த வேலை வேணும் சித்தப்பா. வேற எந்த வேலையையும் வேணும்னு நான் சொல்லி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. காலையில எழுந்து போகணும்னு தோணற இடம் எனக்கு இது ஒண்ணுதான். அதோட, 'அவன் ஒரு இடத்துல நிலைச்சுட்டான்'னு அந்தச் செய்தித்தாளுக்குப் பின்னாடி ஒரு தடவையாவது சேதி போகணும்.

விசிலக்கா சொல்லிக் கொடுத்த முறையெல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். உடம்பைத் தளர விடுங்க, மூச்சை இழுங்க, பத்து எண்ணுங்க. நங்கூரம் எண்ணுது, விட மாட்டேங்குது. அப்பத்தான் யோசிச்சேன், நான் எப்படிக் கம்பியை விட்டேன்? நானும் முதல் கோடை முழுக்க அதே கம்பியில தொங்கினவன்தானே. ஒரு நாள் நீங்க பெஞ்சை விட்டு எழுந்து, கரை ஓரத்துல வந்து நின்னீங்க. அந்த நெருக்கத்துல உங்களை நான் பாத்ததே இல்லை, உங்க கால் லேசா நடுங்கிச்சு. சளியினாலன்னு நெனச்சேன்.

"விடுடா"ன்னீங்க.

"பயமா இருக்கு சித்தப்பா."

"எதுக்குப் பயம்? பிரேக் என் காலுக்கடியில இருக்கு. நீ தப்புப் பண்ணினா நான் அமுக்கிட மாட்டேனா?"

சொல்லிட்டு ஈரத் தரையில ஒரு தடவை காலை ஓங்கி அமுக்கிக் காட்டினீங்க. நான் விட்டுட்டேன். உங்க காலுக்கடியில அன்னிக்கு வெறும் டைல்ஸ்தான் இருந்துச்சுன்னு இவ்வளவு வருஷம் கழிச்சு, இப்ப, இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்குது. நான் முங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? குதிச்சிருப்பீங்க. வாளித் தண்ணிக்கு அழுத ஆளு, யோசிக்காம குதிச்சிருப்பீங்க, அப்புறம் ரெண்டு பேரையும் யாராவது தூக்கியிருப்பாங்க. அதை நெனச்சுத்தான் எழுத்து கோணலா போகுது, பேனாவைக் குறை சொல்லாதீங்க.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை சாயங்காலம் குளத்துக்கு வாங்க. நீங்க தண்ணியில இறங்க வேணாம், உங்களுக்குச் சளின்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். மூணாவது பெஞ்சு இப்ப இல்லை, அந்த இடத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைக்கறேன். பேன்ட்டை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்து, அந்த நங்கூரத்தைப் பாத்து ஒரு குரல் கொடுங்க, போதும். நான் சொன்னா அந்த ஆள் கேக்க மாட்டேங்கறார். உங்களை மாதிரி ஒரு தைரியமான மனுஷன் சொன்னாத்தான் அந்த மாதிரிக் கோழைக்கு ஏறும்.

சித்திக்கு என் வணக்கத்தைக் காலைத் தொட்டுச் சொன்னதாகச் சொல்லவும். தக்காளிக்கு என் பேரில் தலையில் ஒரு கொட்டு வைத்து, வலிக்காமல் தடவியும் விடவும். வழியில் பெரிய அத்தை வீட்டு ஜன்னல் பக்கம் பார்க்காமல் வரவும். தங்கள் ஆரோக்கியமும், முழங்கால்களும், மீசையும் குறைவின்றி நீடூழி வாழ்க.

என்றும் தங்கள் பின்சீட்டில் இருக்கும்,
தங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையில போடறதுக்கு முன்னாடி வகுப்பு வந்துடுச்சு, போயிட்டு வந்து இதை எழுதறேன். மத்தியானம் உங்களுக்கு எழுதினது மண்டைக்குள்ளயே இருந்துச்சா, கரையில நங்கூரம் முன்னாடி போய் நின்னதும் வாய்ல அதுவே வந்துடுச்சு. "சார், கையை விடுங்க. பிரேக் என் காலுக்கடியில இருக்கு"ன்னு தரையில ஒரு அமுக்கு அமுக்கினேன். அந்தப் பெரிய கண்ணாடி என் காலையே பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் ஒரு கை விட்டுச்சு. இன்னொரு கை விட்டுச்சு. "நியூட்ரல்!"னு கத்தினேன், மல்லாந்துச்சு. முதல் கியர்ல காலை ஆட்டி, இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்குப் போயிடுச்சு. தையல்கார அம்மா கை தட்டறாங்க. நானும் தட்டப் போறேன், அப்பத்தான் சித்தப்பா, அந்தக் கோடியில திரும்பறதுக்கு முன்னாடி, தண்ணிக்கு வெளியே, கறுப்புச் சட்டைக்குள்ள இருந்து வலது கை ஒண்ணு நீளமா வெளியே நீண்டுச்சு.

இந்த உலகத்துல அப்படித் திரும்பறவங்க மூணே பேர். ஒருத்தன் நான். அண்ணன் வெளியூர்ல இருக்கான். தக்காளிக்கு அவ்வளவு அகலமான தோள் கிடையாது.

மீசையை எப்ப எடுத்தீங்க? எனக்காகவா எடுத்தீங்க? பதில் சொல்ல வேணாம். விசிலக்கா என் பின்னாடி வந்து நின்னு, "அந்தக் கையை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே"ன்னாங்க. "எனக்குத் தெரியாதுக்கா"ன்னுட்டேன். "சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? திங்கட்கிழமையில இருந்து சின்னப் பசங்க வகுப்பையும் நீயே எடு"ன்னுட்டுப் போயிட்டாங்க. அதனால மேல நங்கூரத்தைப் பத்தி எழுதினது, கோழைன்னு எழுதினது, ஜன்னல் கம்பியைப் பத்தி எழுதினது எல்லாத்தையும் அடிச்சுட்டுப் படிங்க. சனிக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியும் ரத்து. உங்ககிட்ட மூச்சு விட்ட தக்காளிக்கு வைக்கச் சொன்ன கொட்டும் ரத்து, வெறும் தடவல் போதும். இந்தக் கடிதம் வந்ததையே காட்டிக்காம அடுத்த வகுப்புக்கும் தொப்பி, கண்ணாடியோட பேசாம வந்து நில்லுங்க, நானும் கண்டுக்க மாட்டேன். வகுப்பு முடிஞ்சு கரை ஏறும்போது துண்டை நான் பிடிச்சுக்கறேன், செருப்பையும். ரொட்டியும் ஜாமும் கொண்டு வரேன்.

ஆனா ஒண்ணு மாஸ்டர். நீங்க வலது கையை நீட்டிட்டு இடது பக்கம் திரும்பினீங்க.

தப்பு. முதல்ல இருந்து.